1946: மலாயாவின் ஓராண்டு வரலாறு

வரலாற்றுப் பாடம் என்றதும் மாணவர் முதலில் அஞ்சுவது ஆண்டுகளைத்தான். இன்ன நாளில் இது நிகழ்ந்தது, இன்ன நாளில் இவர் பதவியேற்றார் என்று வரிசையாக மனப்பாடம் செய்கின்றனர்; தேர்வுத் தாளில் இறக்கி வைத்துவிட்டு மறந்துவிடுகின்றனர். ஆண்டுகளைத் தனித்தனியே எண்ணுவதால் வரும் குறை இது. ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, அதன் நிகழ்ச்சிகளை ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தால், எது எதற்குக் காரணமாயிற்று என்பது தானே விளங்கும். மாணவருக்கும் அது கதைபோல் நெஞ்சில் நிற்கும்.

மலாயா வரலாற்றில் இவ்வாறு எடுத்துக் காட்டத் தக்க ஆண்டு 1946 ஆகும். பாட நூல்களில் அவ்வாண்டைப் பற்றி இரு நாள்களே பெரும்பாலும் இடம்பெறுகின்றன. ஒன்று, மலாயன் யூனியன் தோன்றிய ஏப்ரல் 1. மற்றொன்று, ஜோகூர் பாருவில் அம்னோ தோன்றிய மே 11. இவ்விரு நாள்களுக்கும் இடையிலும் முன்னும் பின்னும் நடந்தவற்றில்தான் தமிழரைப் பற்றிய ஒரு பெரிய செய்தி அடங்கியிருக்கிறது. அவ்வாண்டு ஜனவரியில், தோட்டத்துப் பால்மரத் தொழிலாளிக்கும் இந்நாட்டுக் குடியுரிமை தரலாம் என்று இலண்டனில் எழுதப்பட்டது. டிசம்பரில் அவ்வாக்கு ஏறத்தாழக் கைவிடப்பட்டது. வாசற்படி வரை வந்த உரிமை ஏன் உள்ளே வராமல் திரும்பியது? இக்கேள்விக்கு விடை காண அவ்வாண்டை மாத வரிசையில் நோக்குதல் வேண்டும்.

ஆண்டு பிறந்தபோது இருந்த நிலை

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர், உடனே பொதுமக்கள் ஆட்சியை நிறுவவில்லை. பிரிட்டிஷ் இராணுவ ஆட்சி என்ற பெயரில் படையினரே 1946 மார்ச் இறுதி வரை நாட்டை நடத்தினர். ஜப்பானியர் அச்சிட்ட வாழைமரத் தாள்கள் செல்லாதவை ஆயின. மூன்றரை ஆண்டுகளாக வாங்கிய கூலியில் மிச்சம் பிடித்து வைத்திருந்தவர் கையில் வெறுந்தாளே எஞ்சியது. அரிசி பங்கீட்டில்தான் கிடைத்தது, அதுவும் போதவில்லை. மரவள்ளிக் கிழங்கே பல வீடுகளில் வேளைச் சோறாயிற்று.

தோட்டங்களின் நிலை இன்னும் கடினமானது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942 இலும் 1943 இலும் ஜப்பானியர் இட்ட 415 கிலோமீட்டர் இருப்புப் பாதைக்காக, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களுள் பெரும்பகுதியினரைக் கொன்றன. எஞ்சியோர் சிறிது சிறிதாகத் திரும்பி வந்தபோது, பல லயங்களில் ஆடவர் இல்லாத குடும்பங்களே இருந்தன.

மக்கட் கணக்கும் இதனை உணர்த்துகின்றது. சிங்கப்பூரும் சேர்ந்த மலாயாவில் 1931 இல் ஏறத்தாழ 6 இலட்சத்து 20 ஆயிரம் இந்தியர் இருந்தனர். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1947 இல், அத்தொகை ஏறத்தாழ 6 இலட்சமாகக் குறைந்திருந்தது. அதே காலத்தில் மலாய்க்காரர் தொகையும் சீனர் தொகையும் பெருகின. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது பலர் தாயகம் அனுப்பப்பட்டதும், 1938 இல் இந்திய அரசு தொழிலாளர் வருகையை நிறுத்தியதும் இதற்குக் காரணங்கள். போர்க்காலச் சாவுகள் மூன்றாவது காரணம்.

ஆண்டின் தொடக்கத்தில் இந்தியர் தொடர்பான இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. ஜப்பானியப் போர்க்குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றம் சிங்கப்பூரில் ஜனவரியில் தொடங்கியது. முதல் வழக்கே, இந்தியப் போர்க் கைதிகளைக் கொடுமைப்படுத்திய ஜப்பானியப் படையினர் மீது தொடரப்பட்டதாகும். போரில் இந்தியர் பட்ட துன்பம் உலகம் அறிந்த செய்தியாக இருந்தது. ஆனால் துன்பப்பட்டோர் என்று அறியப்படுவது வேறு. நாட்டின் வருங்காலத்தை வகுக்கும் அவையில் இடம் பெறுவது வேறு. இதனை அவ்வாண்டின் அடுத்த மாதங்கள் காட்டின.

ஜனவரி: இலண்டனிலிருந்து ஒரு வெள்ளை அறிக்கை

போருக்கு முன் மலாயா ஒரே நாடாக இருந்ததில்லை. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்டன. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் கூட்டு மாநிலங்கள். ஜோகூர், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய ஐந்தும் தனித்து நின்றவை. இவற்றை ஒன்றாக்க இலண்டன் போர்க்காலத்திலேயே திட்டம் தீட்டியது. சர் ஹாரல்ட் மக்மைக்கேல் என்னும் தூதர் 1945 அக்டோபரில் வந்து, ஒவ்வொரு சுல்தானிடமும் புதிய உடன்படிக்கையில் கையொப்பம் பெற்றார். முதலில் கையொப்பமிட்டவர் ஜோகூர் சுல்தான் இப்ராகிம்.

1946 ஜனவரி 22 அன்று திட்டம் வெள்ளை அறிக்கையாக வெளியாயிற்று. அதன் சாரம் மூன்று கூறுகள். ஒன்பது மலாய் மாநிலங்களும் பினாங்கும் மலாக்காவும் ஓர் ஆளுநரின் கீழ் மலாயன் யூனியன் ஆகும். சிங்கப்பூர் தனிக் குடியேற்ற நாடாகப் பிரியும். இன வேறுபாடின்றி மலாயாவைத் தாயகமாகக் கொண்டவர்க்கு ஒரே குடியுரிமை வழங்கப்படும்.

மூன்றாவது கூறுதான் தமிழர்க்கு உயிர்நிலை. மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர் குடிமக்கள் ஆவர். பிறவாதவரும், சிங்கப்பூர் வீழ்ந்த 1942 பிப்ரவரி 15 க்கு முந்திய 15 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருந்தால் குடிமக்கள் ஆவர். தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளையும், நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து பத்தாண்டுகள் மரம் வெட்டிய தந்தையும் இவ்விதியில் அடங்கினர். இத்துணைத் தாராளமான விதி இந்நாட்டில் அதற்கு முன்னும் வந்ததில்லை. பின்னும் வந்ததில்லை எனலாம்.

எனினும் இதனைக் கேட்டுப் பெற்றவர் எவருமிலர். இலண்டனில் எழுதினார்கள், இலண்டனிலிருந்தே அறிவித்தார்கள். கேளாமல் வந்தது, கேளாமலே போகவும் கூடும்.

பத்து பகாட்டிலிருந்து ஜோகூர் பாரு வரை

வெள்ளை அறிக்கை மலாய் மக்களிடையே பெரும் எழுச்சியை உண்டாக்கியது. இவ்வெழுச்சிக்கு அடித்தளம் ஜோகூர் மாநிலத்திலேயே இடப்பட்டிருந்தது. பத்து பகாட் மாவட்ட அதிகாரியாக இருந்த தத்தோ ஓன் பின் ஜாபார், அறிக்கை வெளிவருவதற்கு முன்பே, ஜனவரி 3 அன்று தீபகற்ப மலாய் இயக்கம் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். போரின் கடைசி மாதங்களில் பத்து பகாட் வட்டாரத்தில் மலாய்க்காரர்க்கும் சீனர்க்கும் இடையே இரத்தம் சிந்திய கலவரம் மூண்டது. அதனைத் தணிக்க முன்னின்ற பெயரும் அவருக்கு இருந்தது.

மலாய் மக்களின் அச்சத்தைத் தமிழாசிரியர் நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். 1947 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, சிங்கப்பூர் நீங்கிய மலாயாவில் மலாய்க்காரர் 49.5 விழுக்காடு; சீனர் 38.4 விழுக்காடு, இந்தியர் 10.8 விழுக்காடு. தம் சொந்த மண்ணிலேயே பாதிக்கும் குறைந்தவராகிவிட்டோம் என்ற கவலை மலாய்க்காரர்க்கு இருந்தது. சுல்தான்களின் அதிகாரம் ஆங்கில ஆளுநரிடம் போகிறது. தங்களைக் கேளாமல் பிறர்க்குக் குடியுரிமை தரப்படுகிறது என்ற சினமும் சேர்ந்துகொண்டது. ஜோகூரில் இச்சினம் கையொப்பமிட்ட சுல்தான்மீதே திரும்பியது. சுல்தான் இப்ராகிமும் பின்னர்த் தம் ஆதரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மார்ச் 1 முதல் 4 வரை கோலாலம்பூரில் சுல்தான் சுலைமான் மன்றத்தில் அனைத்து மலாய்ச் சங்கங்களின் மாநாடு கூடியது. நாற்பதுக்கு மேற்பட்ட சங்கங்கள் வந்தன. ஒரே அமைப்பாகத் திரள்வது என்று முடிவாயிற்று. ஏப்ரல் 1 அன்று சர் எட்வர்ட் ஜென்ட் ஆளுநராகப் பதவியேற்றபோது, விழாவுக்கென்று கோலாலம்பூர் வந்திருந்த சுல்தான்கள் நிலைய ஓட்டலிலேயே தங்கிவிட்டனர். போக வேண்டாம் என்று தத்தோ ஓன் கேட்டுக்கொண்டதே காரணம். ஓட்டலின் முன் திரண்ட மக்கள் அவர்களை வாழ்த்தி முழங்கினர். மலாய் ஆடவர் துக்கத்தின் அடையாளமாகச் சொங்கோக்கில் வெள்ளைத் துணி சுற்றினர். ஆட்சியின் முதல் விழாவே வெறிச்சோடியது.

மே 11 அன்று ஜோகூர் பாருவில், நீரிணையை நோக்கி நிற்கும் இஸ்தானா பெசாரில் மாநாடு மீண்டும் கூடியது. சுல்தான் அபூபக்கர் 1866 இல் கட்டி முடித்த அரண்மனை அது. அங்கேதான் ஐக்கிய மலாய்த் தேசிய நிறுவனமாகிய அம்னோ முறையாகத் தோன்றியது. தத்தோ ஓன் அதன் முதல் தலைவரானார். அவ்வாண்டு அக்டோபரில் அவரே ஜோகூர் மந்திரி பெசார் பதவியையும் ஏற்றார்.

ஜனவரி 3 க்கும் மே 11 க்கும் இடையே நான்கு மாதங்களும் ஒரு வாரமுமே உண்டு. அக்காலத்துள் ஒரு மாவட்ட ஊரில் தொடங்கிய இயக்கம், நாடு முழுவதற்குமான ஒரே குரலாயிற்று.

அதே மாதங்களில் தமிழர்

அதே மாதங்களில் தமிழர் உறங்கிக் கிடந்தனர் என்று சொல்வது பிழையாகும். அவர்கள் பல திசைகளில் உழைத்தனர். ஆனால் ஒரே திசையில் உழைக்கவில்லை.

முதல் திசை தொழிற்சங்கம். சூன் குவோங் என்னும் சங்கத் தலைவர் சிறையிடப்பட்டதைக் கண்டித்து ஜனவரி 29, 30 ஆகிய நாள்களில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. சிங்கப்பூரில் மட்டும் நூறாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையை நிறுத்தினர். துறைமுகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் உழைத்த தமிழர் இதில் பங்கு கொண்டனர். தோட்டங்களிலும் மாநிலத்துக்கு மாநிலம் சங்கங்கள் முளைத்தன. ஆயினும் அவை தனித்தனியே இயங்கின. அவற்றுள் பல ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் என்று ஆவதற்கு 1954 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது திசை சமூகச் சீர்திருத்தம். கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற இளைஞர் அமைப்பு பரவியது. சீருடை அணிந்து பயிற்சி செய்த அவ்விளைஞர், கள்ளுக்கடை முன் நின்று குடிப்போரைத் தடுத்தனர். கூலி வாங்கிய அன்றே காசு கள்ளுக்கடைக்குப் போவதைக் கண்ட பெண்கள் இவ்வியக்கத்துக்குத் துணை நின்றனர். 1947 தொடக்கத்தில் பீடோங் அருகே இது காவலருடன் மோதலாக முடிந்தது, உயிரும் போயிற்று. சிறந்த நோக்கமும் கட்டுப்பாடும் உடைய இயக்கம் அது. ஆனால் அதன் எல்லை தோட்ட வாயிலோடு நின்றது.

மூன்றாவது திசை, எல்லாவற்றிலும் வலியது: இந்தியா. நேதாஜியின் இந்தியத் தேசிய இராணுவத்தில் மலாயாத் தமிழர் பெருந்தொகையாகச் சேர்ந்திருந்தனர். அவ்வுணர்ச்சி போர் முடிந்தும் அடங்கவில்லை. மார்ச் மாதத்தில் ஜவஹர்லால் நேரு சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்தார். அவரைக் காணத் தோட்ட மக்கள் திரள் திரளாகச் சென்றனர். இந்தியத் தேசியக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவும் அவ்வாண்டு வந்து பணியாற்றியது. செப்டம்பர் 2 அன்று டெல்லியில் நேருவின் தலைமையில் இடைக்கால அரசு அமைந்தது. தாயகம் விடுதலை பெறும் வேளையில், பிரிட்டிஷ் மலாயாவின் குடிமகன் என்ற பெயரைப் பலர் பொருட்படுத்தவில்லை. ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற எண்ணத்திலேயே பெட்டியைக் கட்டி வைத்திருந்தவரும் உண்டு. மலாயன் குடிமகனானால் இந்தியன் என்ற உரிமை போய்விடுமோ என்று ஐயுற்றவரும் உண்டு.

ஆகஸ்டு மாதத்தில் கோலாலம்பூரில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. வழக்கறிஞர் ஜான் திவி முதல் தலைவர். நேதாஜியின் சுதந்திர இந்திய அரசில் பொறுப்பு வகித்தவர் அவர். அமைப்பு தோன்றியது நற்செயலே. ஆனால் அம்னோ தோன்றி மூன்று மாதங்கள் கடந்துவிட்டன. மேலும் அக்காலக் காங்கிரசின் தலைவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற நகரத்தார். லயத்தில் இருந்தவனுக்கும் அவர்களுக்கும் இடையே மொழியும் வாழ்க்கையும் தூரமாக நின்றன. 1955 இல் வீ. தி. சம்பந்தன் தலைமை ஏற்ற பின்னரே தோட்டத் தமிழர் அவ்வமைப்பினுள் பெருமளவில் வந்தனர்.

பன்னிருவர் அமர்ந்த மேசை

மலாய் மக்களின் எதிர்ப்பையும், இலண்டனில் ஓய்வு பெற்ற மலாயா அதிகாரிகள் எழுப்பிய கண்டனத்தையும் கண்ட ஆங்கிலேயர் தம் போக்கை மாற்றினர். மே மாதத்தில் வந்து சேர்ந்த தலைமை ஆளுநர் மால்கம் மக்டொனால்டு, சுல்தான்களோடும் அம்னோவோடும் பேசத் தொடங்கினார். ஜூலை 25 அன்று புதிய அரசியலமைப்பை வரைய ஒரு செயற்குழு அமைந்தது.

அக்குழுவின் உறுப்பினர் பன்னிருவர். அரசாங்கத்தின் சார்பில் அறுவர். சுல்தான்களின் சார்பில் நால்வர். அம்னோவின் சார்பில் இருவர். சீனர் எவருமிலர். இந்தியர் எவருமிலர். 1946 ஆம் ஆண்டின் முதன்மையான செய்தி இதுவேயாகும். மற்ற நாள்களை மறந்தாலும் மாணவர் இதனை மறத்தல் ஆகாது.

டிசம்பர் 24 அன்று அக்குழுவின் முன்மொழிவுகள் வெளியாயின. யூனியனுக்கு மாற்றாகக் கூட்டரசு. சுல்தான்களுக்கு மீண்டும் மதிப்பு. குடியுரிமைக்குக் கடும் விதிகள். மலாயன் யூனியன் வாக்களித்த குடியுரிமைச் சட்டம் இடைப்பட்ட மாதங்களில் நடைமுறைக்கு வரவே இல்லை. அது தாளில் பிறந்து தாளிலேயே முடிந்தது.

டிசம்பரில்தான் எதிர்த்தரப்பு ஒன்று திரண்டது. டான் செங் லோக் தலைமையில் கூட்டு நடவடிக்கை மன்றம் அமைந்தது. மலாயா இந்தியர் காங்கிரசும் அதில் சேர்ந்தது. மலாயர் அல்லாதாரின் கருத்தைக் கேட்க அரசு ஓர் ஆலோசனைக் குழுவையும் அமைத்தது. மேசையில் எல்லாம் எழுதி முடித்த பின்னர், கருத்துக் கேட்க வந்தனர். மன்றத்தினர் அக்குழுவைப் புறக்கணித்தனர்.

சீஸ்மனின் இரு பணிகள்

அவ்வாலோசனைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எச். ஆர். சீஸ்மன். இப்பெயர் ஆசிரியர்க்கு வேறொரு வகையில் தெரிந்திருக்க வேண்டும். மலாயன் யூனியனின் கல்வி இயக்குநர் அவர். 1946 இல் அவர் வகுத்த கல்வித் திட்டம் சீஸ்மன் திட்டம் எனப்படுகிறது. தொடக்கக் கல்வி இலவசமாதல் வேண்டும். அது மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய தாய்மொழிகளில் நடைபெறல் வேண்டும். எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலம் ஒரு பாடமாதல் வேண்டும் என்பன அதன் அடிப்படைகள்.

தோட்டப் பள்ளிகளின் அன்றைய நிலையை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைத்தாக வேண்டும். ஆனால் எவ்வகைப் பள்ளி என்பது பெரிதும் துரையின் மனத்தைப் பொறுத்தது. பிள்ளைக்காப்பகக் கொட்டகையிலும், லயத்தின் ஓர் அறையிலும் பள்ளிகள் நடந்தன. கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் ஆசிரியரானதும் உண்டு. இந்நிலையில், தமிழ்க் கல்வி அரசின் பொறுப்பு என்று ஏற்கும் திட்டம் ஒன்று வந்தது. குடியுரிமையைப் போலவே இதுவும் 1946 இன் கொடை.

குடியுரிமையைப் போலவே இதுவும் தளர்ந்தது. யூனியன் போய்க் கூட்டரசு வந்ததும் திட்டம் தன் ஊன்றுகோலை இழந்தது. 1951 இல் பார்ன்ஸ் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் ஒரே தேசியப் பள்ளியே போதும் என்று கூறியது. தமிழ்ப் பள்ளி என்பதே இல்லாமற் போகும் நிலை தோன்றியது. 1956 இல் ரசாக் அறிக்கையும் அதன்வழி வந்த 1957 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும், தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் நாட்டின் கல்வி முறையில் தொடர வழி வகுத்தன. இம்முறை ஆசிரியர்களும் சங்கங்களும் இதழ்களும் வாய் திறந்து பேசினர். பத்தாண்டுகளுக்குள் தமிழர் கற்றுக்கொண்ட பாடம் அது.

பின்னர் நேர்ந்தவை

கூட்டரசு 1948 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வெளியில் பிறந்தவர் விண்ணப்பித்துக் குடிமகனாக வேண்டுமானால், முந்திய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் வாழ்ந்திருத்தல் வேண்டும் என்று விதி இறுகியது. மலாயோ ஆங்கிலமோ தெரிந்திருத்தலும் வேண்டும். இரவுப் பள்ளிகூட இல்லாத தோட்டத்தில் இருந்தவன் எம்மொழியை எங்கே கற்பான்?

1957 ஆகஸ்டு 31 அன்று நாடு விடுதலை பெற்றபோது கதவு மீண்டும் திறந்தது. அன்றும் அதற்குப் பின்னும் இந்நாட்டில் பிறந்த பிள்ளைகள், அன்றைய விதிப்படி, பிறப்பினாலேயே குடிமக்களாயினர். முன்பே இங்குப் பிறந்தவர், முந்திய 7 ஆண்டுகளில் 5 ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் பதிந்துகொள்ளலாம். ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் அவர்களுக்கு மலாய் மொழித் தேர்வும் இல்லை. இலட்சக்கணக்கானோர் குடியுரிமை பெற்றனர். எனினும் ஒதுக்கமான தோட்டங்களில் பாரம் நிரப்பித் தருவார் இன்றி, பிறப்புப் பத்திரம் இன்றி, நாளை பார்ப்போம் என்றிருந்தோர் பலர்.

அந்த நாளைக்கு விலை 1969 இல் கேட்கப்பட்டது. குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறல் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டிலேயே ஆயுள் முழுவதும் உழைத்தவர்கள் உள்ளிட்ட பல்லாயிரம் இந்தியர், சிவப்பு அடையாள அட்டையோடு கப்பலேறினர். ஒரே குடும்பத்தில் பிள்ளைகள் நீல அட்டையோடு இங்கே நிற்க, பெற்றோர் துறைமுகத்தில் விடைபெற்ற காட்சிகள் அவ்வாண்டுகளில் நிகழ்ந்தன. இன்றும் அடையாளப் பத்திரம் இன்றித் திண்டாடும் இந்தியக் குடும்பங்கள் மலேசியாவில் உள்ளன. 1946 இல் மூடிய கதவின் நிழல் அவ்வளவு நீளமானது.

வகுப்பறையில் 1946

இவ்வாண்டை வகுப்பில் கற்பிக்க எளிய வழி ஒன்றுண்டு. கரும்பலகையில் மூன்று பத்திகள் இடுக. முதற்பத்தியில் நாள், இரண்டாவதில் நிகழ்ச்சி, மூன்றாவதில், அந்நிகழ்ச்சியின்போது கூடியிருந்தோர் யாவர் என்பது. ஜனவரி 3 பத்து பகாட், ஜனவரி 22 இலண்டன், மார்ச் 1 கோலாலம்பூர், ஏப்ரல் 1 நிலைய ஓட்டல், மே 11 இஸ்தானா பெசார், ஜூலை 25 செயற்குழு, ஆகஸ்டு மாதம் இந்தியர் காங்கிரஸ், டிசம்பர் 24 முன்மொழிவு என்று எட்டு வரிகள் போதும். மூன்றாம் பத்தியை மாணவரே நிரப்புமாறு விடுக. ஜூலை 25 க்கு வரும்போது, நம்மவர் ஏன் அங்கே இல்லை என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அக்கேள்வி பிறந்துவிட்டால் பாடம் நடந்தேறியது என்று கொள்ளலாம்.

விடை கூறுங்கால் ஆசிரியர் எவர்மீதும் பழி சுமத்துதல் ஆகாது. மலாய் மக்கள் தம் உரிமை காக்கத் திரண்டனர், அது இயல்பு. தமிழர் பசியிலும் நோயிலும் துக்கத்திலும் தாயகப் பற்றிலும் சிதறிக் கிடந்தனர், அதுவும் இயல்பு. ஆயினும் திரண்டவர் மேசையில் அமர்ந்தனர். சிதறியவர்க்காகப் பிறர் முடிவு செய்தனர். இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை.

வீட்டுப் பாடமாக ஒன்று தரலாம். வீட்டில் உள்ள மூத்தவர்களிடம், தம் பாட்டனோ பூட்டனோ எந்த ஆண்டில் குடியுரிமை பெற்றார், எவர் பாரம் எழுதிக் கொடுத்தார் என்று கேட்டு வரச் சொல்லுக. ஜோகூரில் இன்று ஏறத்தாழ எழுபது தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல தோட்டத்தில் தொடங்கியவை. அங்கே படிக்கும் பிள்ளைகள் பலருடைய வீட்டு அலமாரியில், பழுப்பேறிய உறை ஒன்றுக்குள் அந்தப் பத்திரம் இருக்கக்கூடும். அதன்மீது உள்ள ஆண்டைப் பிள்ளை படித்து வந்து வகுப்பில் சொல்லட்டும்.